பின்கட்டுக் குழாயை அடைத்த கதை: பிளேடு சேசிஸிலிருந்து ஒரு நெட்வொர்க் மாட்யூலைக் கழற்றிய அனுபவம்

மாட்யூலைக் கழற்ற எனக்கு ஆன நேரம் 2 நிமிடம்கூட இல்லை. அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இரவு மானம் போனது, அதைத் தொடர்ந்து ஒரு வாரம் தூக்கம் போனது. இரண்டையும் எழுதி வைக்கிறேன். இந்த வேலை உங்கள் தலையில் விழும்போது தூக்கத்தையாவது மிச்சம் பிடிக்கலாம்.

2012-ல் அம்பத்தூர் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் இருந்தேன். எங்கள் ரேக்கில் ஒரு ஹெச்பி சி7000 சேசிஸ். அதன் பின்பக்கம், பே 2-ல் (பே என்றால் மாட்யூலைச் செருகும் அறை) இருந்த ஒரு கிகாபிட் ஸ்விட்ச் மாட்யூலில் ஒரு போர்ட் செத்துவிட்டது. ஸ்விட்ச் மேல் பழி இல்லை. எங்கள் ஆள் ஒருவர் கிளிப் உடைந்த கேபிளை அதில் திணித்து, கழன்று விழாமல் இருக்க அட்டையை மடித்துச் செருகியிருக்கிறார். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இருந்த மெல்லிய தங்கமுலாம் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. ஒரு போர்ட்டுக்காக முழு மாட்யூலையும் மாற்ற வேண்டும். பத்து ரூபாய் கிளிப், ஒரு சேசிஸ் வேலை.

பிளேடு சேசிஸைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தன வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் வரிசையாக 16 குடித்தனம். அவைதான் பிளேடு சர்வர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்பு, தனிப் பூட்டு. ஆனால் தண்ணீர்க் குழாய், மின் மீட்டர், காற்று எல்லாம் பின்கட்டில் பொது. சி7000 ரேக்கில் 10யு (யு என்பது ரேக் உயரத்தின் அலகு) உயரம் பிடிக்கும். அதில் 6 பவர் சப்ளை, 10 விசிறி, பின்பக்கம் ஸ்விட்ச் மாட்யூல்களுக்கான 8 இன்டர்கனெக்ட் பே. பிளேடில் கட்டாயமாக இருக்கும் முதல் நெட்வொர்க் போர்ட் பே 1-க்கும், இரண்டாவது போர்ட் பே 2-க்கும் போகும். கூடுதலாகச் செருகும் மெசனைன் கார்டுகளுக்கு 3 முதல் 8 வரையிலான பேக்கள். நடுவில் மிட்பிளேன் என்ற ஒரு பலகை இரு பக்கத்தையும் இணைக்கிறது. சர்வருக்கும் ஸ்விட்ச்சுக்கும் இடையே கண்ணால் பார்க்கக்கூடிய கேபிள் கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சரியாக உள்வாங்காததுதான் எல்லாவற்றுக்கும் மூலம்.

இரண்டு குழாய் இருக்கிறதே, ஒன்றை மூடினால் இன்னொன்றில் தண்ணீர் வராதா? வரும் என்றுதான் ஆவணம் சொன்னது. நானும் சொன்னேன். மாற்ற அனுமதிப் படிவத்தில் "சேவை பாதிப்பு: இல்லை" என்று என் கையாலேயே தட்டினேன்.

முதல் சனிக்கிழமை இரவு 12 மணி. நான் முரட்டு ஆள் இல்லை என்று எனக்கு நானே ஒரு பெருமை வைத்திருந்தேன். நேராகப் போய் மாட்யூலை இழுக்காமல், முதலில் மேலே இருக்கும் அக்ரிகேஷன் ஸ்விட்ச்சில் (கீழ் ஸ்விட்ச்சுகளை ஒன்றுசேர்க்கும் பெரிய ஸ்விட்ச்), பே 2-லிருந்து வரும் 4 அப்லிங்க் (சேசிஸிலிருந்து வெளி நெட்வொர்க்குக்குப் போகும் இணைப்பு) போர்ட்டுகளையும் மூடினேன். ஏதாவது ஆனால் உடனே திறந்துவிடலாம்; கேபிளைத் தொட வேண்டாம்; அடிபட்டாலும் வலிக்காது என்று கணக்கு. 20 விநாடி. கண்காணிப்புத் திரையில் ஒரு சிவப்பு. பிறகு நாலு. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஏறக்குறைய பாதி விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே பிளேடுக்குள் ஓடும் மென்பொருள் கணினிகள்) காணாமல் போயிருந்தன.

பாதி என்பதுதான் துப்பு. ஆனால் அந்த நேரத்தில் யாருக்குத் துப்பு வேண்டும்? போன் அடித்தது. வாடிக்கையாளர் பக்கத்து டேட்டாபேஸ் மேடம்.

"தம்பி, ஏதாச்சும் தொட்டீங்களா?"

"ஆமா மேடம், திறந்துடறேன், ஒரு நிமிஷம்."

"பாதிப்பு இல்லைன்னு போட்டிருந்தீங்களே."

போர்ட்டுகளைத் திறந்ததும் எல்லாம் திரும்பி வந்தது. மொத்தம் 6 நிமிடம். அன்றிரவு மாட்யூலின் பக்கமே போகவில்லை. ரோல்பேக், அதாவது பழைய நிலைக்குத் திருப்பியாயிற்று என்று எழுதிவிட்டுப் படியிறங்கினேன்.

நடந்தது இதுதான். நான் மூடியது குழாயின் தெருப் பக்க வால்வை. வீட்டுக்குள் குழாய் அப்படியே நின்றது. பே 2 ஸ்விட்ச் மின்சாரத்தோடு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் உள்பக்க 16 போர்ட்டுகளும் பிளேடுகளோடு மிட்பிளேன் வழியாகக் கைகோத்துக்கொண்டு பச்சையாக இருந்தன. இஎஸ்எக்ஸ்ஐ (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருள்) சர்வர் தன் இரண்டாவது நெட்வொர்க் கார்டைப் பார்க்கிறது: லிங்க் இருக்கிறது, எனவே எல்லாம் நலம். இயல்பான அமைப்பில் அது லிங்க் நிலையை மட்டும்தான் பார்க்கும். அந்தக் கார்டில் உட்கார்ந்திருந்த மெஷின்களின் பாக்கெட்டுகள் எல்லாம் ஸ்விட்ச் வரை போய் அங்கேயே செத்தன. எந்த மெஷின் எந்தக் கார்டில் உட்காரும் என்பதை அது இணைந்திருக்கும் மெய்நிகர் போர்ட்டை வைத்துத் தீர்மானிக்கும் முறை எங்களுடையது. அதனால்தான் பாதிக்குப் பாதி. நான் முரட்டுத்தனமாக மாட்யூலைப் பிடுங்கியிருந்தால்கூட லிங்க் விழுந்து, பெரும்பாலான சர்வர்கள் ஓரிரு விநாடியில் பே 1-க்கு ஓடியிருக்கும். நாகரிகமாக நடந்ததில்தான் அடி.

இதற்கு மருந்து ஏற்கெனவே உண்டு. அப்லிங்க் எல்லாம் விழுந்தால் ஸ்விட்ச் தானாகவே உள்பக்கப் போர்ட்டுகளையும் கீழே போட்டுவிடும் வசதி. சிஸ்கோ பிளேடு ஸ்விட்ச்சுகளில் அதன் பெயர் லிங்க் ஸ்டேட் டிராக்கிங், ஹெச்பியின் சொந்த மாட்யூலான விர்ச்சுவல் கனெக்டில் ஸ்மார்ட் லிங்க். எங்களிடம் யாரும் போட்டிருக்கவில்லை. போடாமலே 3 வருடம் ஓடியிருக்கிறது, அந்த 3 வருடமும் ஒரு மேல் ஸ்விட்ச் விழாமல் இருந்தது எங்கள் பூர்வ ஜென்மப் புண்ணியம். பீக்கன் புரோபிங் (கார்டுகள் ஒன்றுக்கொன்று சோதனைப் பாக்கெட் அனுப்பி வழி இருக்கிறதா என்று பார்ப்பது) போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். இரண்டே கார்டு இருக்கும் இடத்தில் அது யார் கெட்டவர் என்று கண்டுபிடிக்காமல் குழம்பும். மூன்றாவது கார்டு இருந்தால்தான் அதற்குப் புத்தி வரும்.

அடுத்த வாரம் முழுக்க ஒரே வேலை. 16 பிளேடையும் ஒவ்வொன்றாகக் கேட்பது: நாளைக்கு உன் இரண்டாவது கால் இல்லாவிட்டால் முதல் காலில் நிற்பாயா? 12 இஎஸ்எக்ஸ்ஐ, 4 லினக்ஸ். மூன்று பேர் நிற்கமாட்டார்கள் என்று தெரிந்தது, மூவருக்கும் மூன்று வியாதி.

முதலாவது, ஒரு இஎஸ்எக்ஸ்ஐ சர்வரில் யாரோ எப்போதோ ஒரு சிக்கலைத் துருவும்போது பே 1 கார்டைப் பயன்படுத்தாத பட்டியலுக்குத் தள்ளிவிட்டு, திரும்ப எடுக்க மறந்திருந்தார்கள். இரண்டு கார்டை ஓர் அணியாகச் சேர்ப்பதற்கு டீமிங் என்று பெயர், இங்கே அணியில் ஆள் ஒருவர். இரண்டாவது, ஒரு லினக்ஸ் டேட்டாபேஸ் பிளேடு. ஓஎஸ்ஸை மறுபடி நிறுவியபோது பாண்டிங் (டீமிங்குக்கு லினக்ஸில் உள்ள பெயர்) அமைப்பில் ஒரு கார்டு சேராமலே விட்டுப்போயிருந்தது. லினக்ஸில் இதைப் பார்ப்பது சுலபம்: பிராக் அடைவில் பாண்டிங் நிலையைக் காட்டும் கோப்பைப் படித்தால், எத்தனை பேர் உள்ளே, இப்போது யார் வேலை செய்கிறார் என்று தெளிவாகச் சொல்லிவிடும். படிக்க 5 விநாடி. 3 வருடமாக யாரும் படிக்கவில்லை, நான் உட்பட.

மூன்றாவதுதான் விஷமம். இரண்டு கார்டும் அணியில் இருந்தன, இரண்டும் பச்சை. ஆனால் பே 1 ஸ்விட்ச்சின் டிரங்க்கில் (பல விலேன்களைச் சுமக்கும் இணைப்பு) பேக்கப்புக்கான விலேன் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) அனுமதிக்கப்படவே இல்லை. சர்வர் பக்கமிருந்து எவ்வளவு பார்த்தாலும் இது தெரியாது. இரண்டு ஸ்விட்ச்சின் அமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டபோதுதான் அகப்பட்டது. பச்சை விளக்கு, கம்பி இணைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அந்தக் கம்பியின் மறுமுனையில் வழி இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

இவற்றைச் சரிசெய்துவிட்டு, வியாழக்கிழமை என் பழைய மேலாளரைக் கூப்பிட்டேன். அவர் அப்போது வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆனாலும் பெரிய வேலைக்கு முன்னால் அவரிடம் ஒரு முறை ஒப்பிப்பது எனக்குப் பழக்கம். திட்டத்தை முழுக்கச் சொன்னேன். உள்பக்கப் போர்ட்டுகளை முதலில் மூடுவேன் சார், சர்வர்கள் பே 1-க்குப் போய்விடும், பிறகு அப்லிங்க், பிறகு மின்சாரம், பிறகு கழற்றல். ம்ம், ம்ம் என்று கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எடுக்கிறது சரிடா. வைக்கிறப்ப?"

"வைக்கிறப்ப என்ன சார்?"

"புது மாட்யூலை உள்ள தள்ளினதும் பூட் ஆகும்ல? பூட் ஆனதும் உள்பக்க 16 போர்ட்டும் என்ன நிலைமையில இருக்கும்?"

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. புது மாட்யூல் வெற்று அமைப்போடு எழுந்திருக்கும். வெற்று அமைப்பில் போர்ட்டுகள் திறந்திருக்கும். 16 பிளேடுகளும் "ஆகா, லிங்க் வந்துவிட்டது" என்று பார்க்கும். இஎஸ்எக்ஸ்ஐயில் ஃபெயில்பேக், அதாவது லிங்க் வந்ததும் பழைய கார்டுக்குத் திரும்புவது, இயல்பாகவே ஆம் என்றிருக்கும். பாதி மெஷின்கள் சந்தோஷமாகப் பழைய இடத்துக்குத் திரும்பும். விலேனும் இல்லாத, அப்லிங்க்கும் இல்லாத ஒரு ஸ்விட்ச்சுக்கு. முதல் சனிக்கிழமையின் அதே கதை, இந்த முறை திறந்துவிட ஒரு போர்ட்டுகூட இருக்காது.

வெளி ஸ்விட்ச்சாக இருந்தால் மேஜையில் வைத்து, மின்சாரம் கொடுத்து, அமைப்பை ஏற்றி, பிறகு ரேக்குக்குக் கொண்டுபோகலாம். பிளேடு மாட்யூலுக்கு அந்த வசதி இல்லை. அதற்குத் தனியாக மின்கம்பி கிடையாது. சேசிஸ் ஊட்டினால்தான் உயிர். உதிரியாக இன்னொரு சேசிஸ் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு, புது மாட்யூல் முதன்முதலில் கண் திறக்கும் இடமே ஓடிக்கொண்டிருக்கும் சேசிஸ்தான்.

எனவே திட்டத்தைத் தலைகீழாக்கினேன். ஸ்விட்ச் பக்கம் என்ன செய்தாலும் அது கழற்றும்போது மாட்யூலோடு போய்விடும். சர்வர் பக்கம் செய்தது நிற்கும். குழாயை அடைப்பதானால் குடித்தனக்காரர் பக்கம் அடைக்க வேண்டும். 12 இஎஸ்எக்ஸ்ஐயிலும் பே 2 கார்டைப் பயன்படுத்தாத பட்டியலுக்கு மாற்றும் ஒரு ஸ்கிரிப்ட், திரும்பக் கொண்டுவர இன்னொரு ஸ்கிரிப்ட். 4 லினக்ஸிலும் பாண்டிங்கிலிருந்து அந்தக் கார்டைக் கையாலேயே விலக்குவது. அந்த முதல் பிளேடின் வியாதி எங்கிருந்து வந்தது என்று நினைவிருந்ததால், திரும்பக் கொண்டுவரும் ஸ்கிரிப்ட்டை முதலில் எழுதினேன்.

இரண்டாவது சனிக்கிழமை. படிவத்தில் இந்த முறை "பாதிப்பு: ஓரிரு விநாடித் தடங்கல் இருக்கலாம்" என்று நேர்மையாகப் போட்டேன். பேச்சு இல்லாமல் அனுமதி வந்தது.

12:10-க்குப் பழைய மாட்யூலின் அமைப்பை ஒரு பிரதி எடுத்தேன். வரிசை எண், ஃபர்ம்வேர் பதிப்பு, எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் என எல்லாம் தாளில். சர்வர் பக்க ஸ்கிரிப்ட் ஓடியது. லினக்ஸ் கார்டுகளை விலக்கினேன். பிறகு பே 2-ன் உள்பக்கப் போர்ட் ஒவ்வொன்றிலும் பாக்கெட் எண்ணிக்கையைப் பார்த்தேன். 14-ல் அவ்வப்போது சொட்டுச் சொட்டாகப் பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் பொதுவாகப் போகும் பாக்கெட்) மட்டும். 2-ல் இன்னும் ஒழுக்கு. ஸ்கிரிப்ட் அந்த இரண்டு சர்வரிலும் ஒரே ஒரு விர்ச்சுவல் ஸ்விட்ச்சைத்தான் (விர்ச்சுவல் மெஷின்களைக் கார்டோடு இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) தொட்டிருந்தது. அவற்றில் இரண்டாவதாக ஒன்று இருந்தது. எண்ணிக்கையைப் பார்க்காமல் போயிருந்தால் தெரிந்திருக்காது. கையால் சரிசெய்தேன்.

அதற்கு அப்புறம்தான் உள்பக்கப் போர்ட்டுகளை ஒன்றிலிருந்து 16 வரை ஒவ்வொன்றாக மூடினேன். ஒவ்வொரு பிளேடுக்கும் வெளியிலிருந்து ஒரு பிங் (உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைப் பாக்கெட்) ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றிலும் ஒரு பாக்கெட்கூட விழவில்லை. பிறகு அப்லிங்க். போன வாரம் உலகத்தையே கவிழ்த்த அதே 4 கட்டளை. திரை அசையவில்லை.

இனிமேல்தான் கைவேலை. ரேக்கின் பின்பக்கம் அனல் வீசும் சந்து. சேசிஸின் விசிறிகள் எல்லாம் முகத்தில் ஊதும், சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அதனால் போவதற்கு முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டோம்: நான் கட்டைவிரலைக் காட்டும் வரை எதையும் இழுக்காதே. என்னோடு வேலைக்குச் சேர்ந்து 2 மாதமான ஒரு தம்பி. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சட்டைக்குள் போடச் சொன்னேன், கையில் இருந்த வெள்ளிக் காப்பைக் கழற்றச் சொன்னேன். இரண்டும் லிவரில் மாட்டும்.

ஆன்டிஸ்டாட்டிக் பட்டையைக் கையில் கட்டி, மறுமுனையைப் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் கவ்வவிட்டோம். "சென்னையில எங்கண்ணா ஷாக் அடிக்கும், வேர்த்து ஊத்துது" என்றான். தெருவில் வாஸ்தவம். ஆனால் டேட்டா ஹாலில் ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. நம் விரலுக்குச் சுருக்கென்று தெரிய ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். சில்லுகள் அதைவிட மிகக் குறைவிலேயே காயப்படும். காயப்பட்டது அன்றைக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்து ஒரு போர்ட் விட்டுவிட்டு வேலை செய்யும்.

இப்போது ஒரு விஷயம். என் கையில் இருந்த படத்தில் பே 2 இடது பக்கம். யாரோ சேசிஸை முன்னாலிருந்து பார்ப்பதுபோல வரைந்திருக்கிறார்கள். பின்னால் போய் நின்றால் ஒற்றைப்படைப் பேக்கள் இடது, இரட்டைப்படைப் பேக்கள் வலது. தம்பி படத்தைப் பார்த்துவிட்டு நம்பிக்கையாக இடது லிவரில் கை வைத்துவிட்டான். அதாவது பே 1. அந்த நிமிடத்தில் 16 பிளேடுகளும் ஒற்றைக் காலில் நின்றது பே 1 மேல்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். சத்தத்தில் திட்டியும் பயனில்லை.

மேலாண்மைத் திரையில், ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டரில், பே 2-ன் அடையாள விளக்கை முன்பே எரியவிட்டிருந்தேன். வலது பக்கம் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அவனிடம் அதைச் சொல்லத்தான் மறந்திருந்தேன். படத்தை நம்பாதே, நீலத்தை நம்பு என்று சைகையிலேயே புரியவைத்தேன். அதன் பிறகுதான் மடிக்கணினியிலிருந்து பே 2-க்கு மின்சாரத்தை நிறுத்தினேன். எங்கள் கண்ணெதிரில் வலது மாட்யூலின் போர்ட் விளக்குகள் அணைந்தன. ஓடும்போதே கழற்றக்கூடிய பாகம்தான் அது. ஹெச்பி அப்படிப்பட்ட பாகங்களின் கைப்பிடிக்கு அரக்குச் சிவப்பு நிறம் கொடுத்திருக்கும். நீலக் கைப்பிடி என்றால் ஓடும்போது தொடாதே என்று பொருள். ஆனாலும் முதலில் அணைத்துவிட்டுக் கழற்றுவதில் எனக்கு ஒரு லாபம் உண்டு: தவறான மாட்யூலை அணைத்திருந்தால் திரும்ப எழுப்பலாம், அணைந்தது எது என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கை வைக்கலாம்.

கேபிள்களை ஒரு போட்டோ எடுத்தோம். ஒவ்வொன்றிலும் பே, போர்ட் எண் எழுதிய டேப். எங்களுடையது எல்லாம் செம்பு. ஃபைபராக இருந்தால் முனைகளுக்கு உடனே தொப்பி போட வேண்டும், உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது, சந்தில் இருக்கும் மற்றக் கேபிள்களின் கனத்தில் மடிய விடக் கூடாது. கழற்றிய கேபிள்களை ஓரமாக வெல்க்ரோவில் கட்டினோம். மாட்யூல் வெளியே வரும் பாதையில் வேறு பேயின் கேபிள் ஒன்றுகூடக் குறுக்கே தொங்கக் கூடாது. மேல் பேயிலிருந்து ஒன்று தொங்கியது. அதை மெதுவாக ஒதுக்கினோம்.

தாழ்ப்பாளை அழுத்தி லிவரை வெளிப்பக்கம் திருப்பினால் மாட்யூல் ஒரு விரல் அளவு முன்னே வரும். மிட்பிளேனிலிருந்து அதைப் பிரிப்பது அந்த லிவர்தான், நம் தோள் வலிமை அல்ல. அந்த ஒரு விரல் அளவில் நிறுத்தி மூச்சு விட்டுக்கொள்ளலாம். பிறகு லிவரை விட்டுவிட்டு, ஒரு கை முகப்பில், ஒரு கை அடியில், நேராக, மட்டமாக. மேலும் கீழும் ஆட்டினால் இணைப்பியின் ஊசிகள் வளையும். மாட்யூலில் வளைந்தால் மாட்யூல் போகும். மிட்பிளேன் பக்கம் வளைந்தால் அந்தப் பலகையை மாற்ற 16 பிளேடையும் நிறுத்தி, சேசிஸையே காலி செய்ய வேண்டும். இந்த வேலை முழுக்க நான் உண்மையில் பயந்தது இந்த 20 சென்டிமீட்டருக்குத்தான்.

வெளியே வந்ததும் காலிப் பேக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வளைந்தது எதுவும் இல்லை, கொஞ்சம் தூசி. ஊதவில்லை. ஊதினால் எச்சில் போகும், தூசியும் உள்ளே போகும். மாற்று மாட்யூல் கைவசம் இருந்ததால் ஓட்டையை அடைக்கும் வெற்றுத் தகடு தேவைப்படவில்லை. இல்லாவிட்டால் உடனே போட்டிருக்க வேண்டும். திறந்த பே வழியாகக் காற்று குறுக்கு வழியில் தப்பிவிடும். அந்தக் காற்று மற்றப் பாகங்களுக்குப் போக வேண்டியது.

புதியதைச் செருகும்போது லிவர் முழுக்கத் திறந்த நிலையில் தள்ளி, தானாக நிற்கும் இடம் வந்ததும் லிவரை மூடினேன். கடைசி இறுக்கத்தை லிவர் கொடுக்கும். கையால் குத்தித் தள்ளுபவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே வயிறு கலங்கும்.

சேசிஸ் முதலில் மாட்யூலின் வகையும் பிளேடுகளின் கார்டு வகையும் பொருந்துகிறதா என்று சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் அந்த இணைப்புகளை இயக்கவே விடாது. பொருந்தியது. பேக்கு என்று ஒதுக்கி வைத்த ஐபி முகவரி இருந்ததால் புது மாட்யூல் பழைய முகவரியையே வாங்கிக்கொண்டது. ஆனாலும் நான் நெட்வொர்க் வழியாகப் போகவில்லை. ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டருக்குள் நுழைந்து, அங்கிருந்தே மாட்யூலின் சீரியல் கன்சோலை (நெட்வொர்க் இல்லாமலே கட்டளை தட்டும் நேரடி வழி) திறக்கலாம். அதற்கு அப்லிங்க் தேவையில்லை. மாட்யூல் எழுந்தது. மேலாளர் சொன்ன மாதிரியே 16 உள்பக்கப் போர்ட்டும் பச்சையாகப் பல்லைக் காட்டின. சர்வர்கள் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லா உள்பக்கப் போர்ட்டையும் மூடினேன். அது உதிரி மாட்யூல், வேறு எங்கோ ஓடி வந்தது. அதனுள் பழைய விலேன் பட்டியல் இருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. விடிபி (விலேன் பட்டியலை ஸ்விட்ச்சுகளுக்குள் தானாகப் பரப்பும் சிஸ்கோ முறை) ஓடும் நெட்வொர்க்கில், அதிகத் திருத்த எண் கொண்ட ஒரு பழைய ஸ்விட்ச்சை, அதே டொமைன் பெயரோடு, அப்லிங்க்கோடு செருகினால், அது தன் பட்டியலை எல்லோருக்கும் பரப்பி, நெட்வொர்க் முழுக்க விலேன்களை அழித்துவிடக்கூடும். அந்தப் பட்டியலைத் துடைத்து, மாட்யூலை டிரான்ஸ்பேரன்ட் (தன் பட்டியலைப் பரப்பாத) நிலைக்கு மாற்றி, எங்கள் அமைப்பை ஏற்றி, கூடவே லிங்க் ஸ்டேட் டிராக்கிங்கையும் சேர்த்தேன். பிறகுதான் முதல் அப்லிங்க் கேபிள், கிளிப் டிக் என்று சொல்லும் கேபிள்.

விலேன்கள் எல்லாம் வந்தனவா என்று பே 1-ன் பட்டியலோடு ஒப்பிட்டு, உள்பக்கப் போர்ட்டுகளைத் திறந்து, கடைசியாகச் சர்வர்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தேன். முதலில் யாருக்கும் வேண்டாத ஒரு சோதனைச் சர்வர். 15 நிமிடம் பார்த்தேன். பிறகு மற்றவை. கடைசியில் டேட்டாபேஸ். ஏதோ அவசரத்தில் விட்டுப்போகாமல் இருக்க, தாளில் 16 கட்டம் போட்டுப் பேனாவால் அடித்தேன். மணி 2:50.

2:55-க்கு மேடம் கூப்பிட்டார்.

"எப்ப ஆரம்பிக்கப் போறீங்க? நான் முழிச்சிருக்கணுமா?"

பழைய மாட்யூலை ஆன்டிஸ்டாட்டிக் பையில் போட்டு ஒட்டிய பிறகுதான் வெளியே கொண்டுவந்தோம். சென்னையில் இது முக்கியம். குளிர்ந்த ஹாலிலிருந்து வெளியே காலெடுத்து வைத்ததும் கண்ணாடி எப்படிப் பனி படர்ந்து மூடுகிறதோ, அதுதான் குளிர்ந்த சர்க்கியூட் பலகைக்கும் நடக்கும். பை வெளிச்சூட்டுக்கு வரும் வரை திறக்கக் கூடாது.

வேறு சேசிஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும், படம் மட்டும் மாறும். டெல் எம்1000இ-யில் மாட்யூல்கள் செங்குத்தாக நிற்கும். ஏ1 ஒரு ஓரத்தில், அதன் ஜோடி ஏ2 மறு ஓரத்தில், நடுவில் பி, சி ஜோடிகள். பக்கத்தில் இருப்பதுதான் ஜோடி என்று சி7000 பழக்கத்தில் போனால் ஆபத்து. விர்ச்சுவல் கனெக்ட் மாட்யூல் என்றால் அது தனி ஸ்விட்ச் இல்லை, ஒரு டொமைனின் (ஒரே அமைப்பாக நிர்வகிக்கும் மாட்யூல் குழு) உறுப்பு. மேலாண்மை எந்த மாட்யூலில் இருந்து ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, டொமைனையும் பிரதி எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அன்று விடியற்காலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன் தம்பி ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் எழுதி சேசிஸின் பின்பக்கம் ஒட்டினான்: "இங்கிருந்து பார்த்தால் 1 இடது, 2 வலது." கையெழுத்து கோணல். நான் அந்த வேலையை விட்டுப்போன பிறகு அந்த சேசிஸை ஓய்வுக்கு அனுப்பினார்கள். 200 கிலோவைத் தாண்டும் பெட்டி என்பதால் பிளேடு, பவர் சப்ளை, விசிறி எல்லாவற்றையும் உருவிவிட்டு, கூட்டை மட்டும் தள்ளுவண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். தம்பி போட்டோ அனுப்பினான். டேப் மஞ்சளாகி, ஓரம் உரிந்து, இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே வேறொரு கையெழுத்தில் யாரோ சேர்த்திருந்தார்கள்: "நீல விளக்கையும் பார்."